தரங்கம்பாடிச் சேற்றிலிருந்து பெர்லினுக்கு

1801ஆம் ஆண்டு பெர்லினில் ஒரு மீன் புத்தகம் வெளிவந்தது. ‘சிஸ்டெமா இக்தியாலஜியே’ என்று பெயர், முழுக்க லத்தீன். அன்றைய உலகம் அறிந்த மீன்களை, ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்களை, துடுப்புகளின் எண்ணிக்கையை வைத்து வகைபிரித்துச் சொன்ன புத்தகம். அதில் ஒரு சின்ன மீனுக்கு எதிரே, கிடைத்த இடம் என்று நம் சோழமண்டலக் கரையின் ஓர் ஊர்ப்பெயர் அச்சாகியிருக்கிறது. தரங்கம்பாடி.

அந்த மீன் உளுவை வகையறாவைச் சேர்ந்தது. இன்றைய அறிவியல் அதன் பேரினத்தை ட்ரைபாச்சன் என்கிறது. மிஞ்சிப்போனால் ஒரு சாண் வளரும். சேற்றில் ஆழமாக வளை தோண்டி அதற்குள்ளேயே வாழ்வதால் கண்கள் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிவிட்டன. முதுகுத் துடுப்பும் வாலும் அடித்துடுப்பும் ஒன்றோடொன்று சேர்ந்து உடம்பைச் சுற்றி ஒரே கரையாக ஓடும். செவுளுக்கு மேலே இரண்டு பக்கமும் ஒரு சின்னப் பை. இவ்வளவையும் மறக்கடிக்கிற விஷயம் அதன் நிறம். உயிரோடு இருக்கும்போது கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து, உள்ளே விளக்கேற்றி வைத்த மாதிரி இருக்கும். சாம்பல் நிறச் சேற்றுக்குள் வெளிச்சமே இல்லாத வளையில் இருக்கும் மீனுக்கு இத்தனை சிவப்பு எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். மெல்லிய தோலுக்கு அடியில் ஓடும் ரத்தம் தெரிகிறது, அவ்வளவுதான் என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

மாயவரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் நடத்திப் பிழைத்தவன் நான். உளுவை எனக்குப் பாடமாக வருவதற்கு முன்பே சாப்பாடாக வந்துவிட்டது. எங்கள் பக்கத்து வாய்க்காலிலும் குளத்திலும் கிடைக்கும் உளுவை, விரால் வாங்க முடியாத வீட்டின் மீன். கையில் பிடித்தால் மணல் நிறத்தில் அடங்கிக் கிடக்கும். வயிற்றுப்புறத்து இரண்டு துடுப்புகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு குழிக்கிண்ணமாகி, கல்லைப் பற்றிக்கொள்ள உதவும். இந்தக் கிண்ணம்தான் உளுவைக் கூட்டத்தின் குல அடையாளம். உலகம் முழுக்க இந்தக் கூட்டத்தில் சுமார் 2000 இனங்கள் இருக்கின்றன. பவளப்பாறையில் நீலமும் மஞ்சளுமாக மினுக்குபவை, சதுப்புநிலத்தில் தரையேறித் துள்ளுபவை, குகைத் தண்ணீரில் கண்ணே இல்லாமல் வாழ்பவை எல்லாம் இதில் அடக்கம். அந்தப் பெரிய கூட்டத்தில் ஒரு கிளைக்கு முதல் முகவரி தரங்கம்பாடி என்பது இந்தப் பக்கத்து மக்களில் பலருக்குத் தெரியாது. எப்படி அந்த முகவரி கிடைத்தது என்பது கொஞ்சம் நீண்ட கதை.

பாதிரியாரும் சாராயமும்

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று டென்மார்க்காரர்கள் இங்கே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். மிளகு வாங்க வந்தவர்கள். 1706இல் சீகன்பால்கு வந்து இறங்கியபின் ஊருக்கு வேறொரு முகமும் சேர்ந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து லுத்தரன் பாதிரிமார்கள் தொடர்ந்து வரத் தொடங்கினார்கள். ஹாலேயில் அவர்களுடைய தலைமையகத்தில் ஓர் அதிசயப்பொருள் அறை இருந்தது. சங்கு, விதை, பாம்புத்தோல், ஓலைச்சுவடி எது போனாலும் அங்கே வரவேற்பு. ஆக, வேதத்தோடு சேர்த்து இயற்கையையும் படிப்பது தரங்கம்பாடிப் பாதிரிமார்களுக்குப் பழக்கமாயிற்று.

1768இல் மிஷன் மருத்துவராக வந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக் அந்தப் பழக்கத்தை ஒரு துறையாகவே ஆக்கினார். செடிகொடிகளுக்கு இரட்டைப்பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸிடம் நேரடியாகப் படித்தவர் அவர். பிறகு ஆங்கிலேயக் கம்பெனியின் இயற்கையியலாளராகச் சென்னைப் பக்கம் போய்விட்டார். அவர் 1785இல் இறந்தபின் அந்த இடத்துக்கு வந்த பேட்ரிக் ரஸ்ஸல், விசாகப்பட்டினத்தில் உட்கார்ந்து இருநூறு மீன்களை வரைய வைத்து 1803இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். ஒவ்வொரு படத்துக்கும் அங்கத்திய மீனவர்கள் சொன்ன தெலுங்குப் பெயரையே தலைப்பாகப் போட்டார் ரஸ்ஸல். அது பெரிய மனது.

நம் கதைக்கு உரியவர் 1771இல் வந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான். பள்ளிக்கூடங்கள் நடத்தியவர், தமிழ் படித்தவர். அவருக்குச் சங்கிலும் மீனிலும் தீராத மோகம். 1813இல் சாகும்வரை தரங்கம்பாடியை விட்டுப் போகவில்லை. அவருக்குப் பெர்லினில் ஒரு கூட்டாளி கிடைத்தார். இருவருக்கும் நடுவே நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகும் கப்பல், மாதக்கணக்கில் பயணம்.

அந்தக் கூட்டாளி மார்கஸ் எலியேசர் ப்ளோக், யூத மருத்துவர். 1723இல் ஆன்ஸ்பாக்கில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, வாலிப வயதில்தான் ஜெர்மனும் லத்தீனும் கற்றுக்கொண்டு, மருத்துவம் படித்துப் பெர்லினில் பெயர் எடுத்தவர். ஐம்பது வயதைத் தாண்டியபின் மீன்மேல் பார்வை திரும்பியது. தனக்குக் கிடைத்த ஒரு நன்னீர் மீனை லின்னேயஸ் புத்தகத்தில் தேடிக் காணாமல், அப்படியானால் நாமே எழுதிவிடலாம் என்று தொடங்கினார் என்பார்கள். 1782 முதல் 1795 வரை பன்னிரண்டு தொகுதிகள், 432 வண்ணப்படங்கள். ஒவ்வொரு பிரதியிலும் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்ட வேண்டும். செலவு தாங்காமல் பின்னால் வந்த படங்களின் கீழே பணம் கொடுத்த பிரபுக்களின் பெயரைப் பொறித்தார். ஐரோப்பாவின் மீன்களை அவர் சந்தையில் பார்க்கலாம். ஆசியாவின் மீன்களுக்கு? அவர் இந்தியாவுக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஜானிடமிருந்து வந்த ஜாடிகளும் காய்ந்த தோல்களும்தான் அவருக்கு வங்காள விரிகுடா.

ஜாடியில் என்ன இருந்தது? சாராயம். உப்புக்கண்டம் போட்டால் உருவம் கெட்டுவிடும். ஃபார்மலின் வருவதற்கு இன்னும் நூறு ஆண்டு இருந்தது. பிடித்த மீனைச் சாராயத்தில் முக்கி, மூடியை மெழுகால் அடைத்து, கப்பலேற்ற வேண்டும். எலும்பும் செதிலும் துடுப்பு முள்ளும் பத்திரமாகப் போய்ச் சேரும். நிறம் சேராது. சாராயம் முதலில் தின்பது நிறத்தைத்தான். என் ஆய்வகத்து ஜாடிகளிலேயே பார்த்திருக்கிறேன்: திங்கட்கிழமை சிவப்பாகப் போட்ட மீன் அடுத்த பருவத்தில் வெளிறிப்போய் எல்லாம் ஒரே பழுப்பாக நிற்கும். ப்ளோக்கின் ஓவியர்கள் அந்தப் பழுப்பைப் பார்த்துத்தான் தூரிகையை எடுக்க வேண்டியிருந்தது. கீழைக்கடல் மீன்கள் சிலவற்றுக்கு அவருடைய படங்களில் இருக்கும் நிறம் கடலிலும் கிடையாது, கழிமுகத்திலும் கிடையாது. பெர்லின் மாடியில் ஊகித்த நிறம். அப்படிப் பார்த்தால் ட்ரைபாச்சனின் உண்மையான நிறத்தை, அதற்குப் பெயர் வைத்தவரைவிட அதை வலையிலிருந்து உதறிப்போட்ட மீனவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பெயர் பெற்றவர், பெயர் இல்லாதவர்

ப்ளோக் நன்றி மறக்காதவர். 1793இல் கத்தாளை மீன்களில் ஒரு பேரினத்துக்கு ஜானியஸ் என்று பெயரிட்டார், ஜானின் பெயரால். செப்பிலி வகையில் ஒன்றுக்கும் அவர் பெயர் உண்டு. இதோடு நிற்கவில்லை. ஜான் தம் கடிதங்களில் இந்தக் கரையின் தமிழ் மீன்பெயர்களையும் எழுதி அனுப்பியிருந்தார். அதன் பலனாக அந்தக் கத்தாளைகளில் ஒன்றின் அறிவியல் பெயர் இன்றைக்கும் ‘ஜானியஸ் கருத்தா’. கருத்த கத்தாளைதான் அது. ஒரு ஜெர்மன் பாதிரியாரும் தரங்கம்பாடிப் பட்டினவ மீனவர் ஒருவரும் ஒரே பெயரில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவருக்கு வாழ்க்கை வரலாறு இருக்கிறது, மற்றவருக்கு இல்லை.

இதுதான் எனக்கு உறுத்தும் இடம். கட்டுமரத்தில் போய் கத்தாளையைப் பிடித்தது யார்? உப்பனாற்றுக் கழிமுகத்தில் இடுப்பளவு சேற்றில் இறங்கி வீச்சுவலை எறிந்து, பறியில் போட்டுக்கொண்டு வந்து பாதிரியார் வீட்டுத் திண்ணையில் கொட்டியது யார்? ஐரோப்பியர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிகிற மீன்களைப் பார்த்து இது வேறு, அது வேறு என்று பிரித்துச் சொன்னது யார்? வகைபிரித்தலின் முதல் வேலை அந்தத் திண்ணையில் நடந்துவிட்டது. பெர்லினில் நடந்தது இரண்டாவது வேலை. வங்காளத்தில் மீன்களை ஆராய்ந்த ஃபிரான்சிஸ் புக்கானன் ஹாமில்டனுக்குப் படம் வரைந்த ஹலுதார் என்ற ஓவியரின் பெயராவது ஏட்டில் நின்றது. நம் கரையில் அதுகூட இல்லை.

கேட்டு எழுதியதன் அருமைக்கு இன்னொரு சம்பவம். தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி இருந்தார். 1791 நவம்பரில் ஒரு குளக்கரைப் பனைமரத்தில், தண்ணீருக்கு ஐந்தடி உயரத்தில், பட்டை வெடிப்பில் ஒரு மீன் மேலே ஏறிக்கொண்டிருந்ததைப் பிடித்ததாக எழுதினார். சர் ஜோசப் பேங்க்ஸ் வழியாக அந்தக் குறிப்பு லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் 1797இல் அச்சாயிற்று. ஐரோப்பா நூறு வருஷத்துக்குமேல் இதை நம்புவதா வேண்டாமா என்று சண்டை போட்டது. நம் ஊர்க்காரர்களோ அந்த மீனைப் பனையேறிக்கெண்டை என்று கூப்பிட்டுக்கொண்டே குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அதன் தலைக்குள் இருக்கிறது. மழைநாளில் செவுள்மூடியின் முள்ளை ஊன்றித் தரையில் நடந்து குளம் மாறும். பனையின் உச்சிக்குப் போகிற வேலை அதற்குக் கிடையாது.

கேட்காமல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கும் ப்ளோக்கிடமே உதாரணம் உண்டு. கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடுவதும் நம் பக்கம் சேத்தக்கெண்டை என்பதும் ஒரே மீன். 1790இல் அவர் அதற்குச் சூரத் நகரத்தின் பெயரை வைத்துவிட்டார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் மீனுக்குக் குஜராத்து விலாசம். வந்த ஜாடியோடு ஊர்ப்பெயர் சரியாக வராததன் விளைவாக இருக்கலாம். அறிவியல் விதிப்படி முதலில் வைத்த பெயரை மாற்ற முடியாது என்பதால் இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக அது சூரத்து மீனாகவே இருக்கிறது. அதன் தம்பி, 1795இல் ப்ளோக் விவரித்த பொன்னிறச் சிறுமீன், இன்று ஆரஞ்சு க்ரோமைடு என்ற பெயரில் உலகெங்கும் கண்ணாடித்தொட்டிகளில் நீந்துகிறது. சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் விசாரித்தால் வெளிநாட்டு மீன்களுக்கு நடுவே இதையும் காட்டுவார்கள். வாங்குகிறவர் இது நம் உப்பங்கழி மீன் என்று தெரியாமலே வாங்கிப் போவார்.

ப்ளோக் 1799இல் இறந்துபோனார். மிச்சமிருந்த கையெழுத்துப் பிரதியைக் கிரேக்கம் லத்தீன் அறிஞர் யோஹான் கோட்லோப் ஷ்னைடர் முடித்து வெளியிட்டதுதான் நான் முதலில் சொன்ன 1801ஆம் ஆண்டுப் புத்தகம். சேற்றில் துள்ளித் தரையேறும் மீன்களுக்கு இன்று உலகம் வழங்கும் பெரியாஃப்தால்மஸ் என்ற பேரினப் பெயரும் அதே புத்தகத்தில்தான் பிறந்தது. பிச்சாவரத்தில் படகில் போகிறவர்கள் சுரபுன்னை வேர்களுக்கு இடையே துடுப்பை ஊன்றி நிற்கும் அந்த முட்டைக்கண்ணனைப் பார்த்திருப்பார்கள். ப்ளோக்கின் சேகரிப்பு 1810இல் பெர்லின் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. இரண்டு உலகப்போர்களைத் தாண்டி, அதில் ஒரு பகுதி இன்றும் அங்கே இருக்கிறது.

தரங்கம்பாடியில் காலம் வேறு பக்கம் திரும்பியது. நெப்போலியன் காலத்துப் போர்களின்போது ஆங்கிலேயர் 1801இல் ஒருமுறையும் 1808இல் மறுமுறையும் ஊரைப் பிடித்தார்கள். ஜான் இறந்தது அந்த இரண்டாவது ஆக்கிரமிப்பின் நடுவில். 1845இல் டென்மார்க் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனது. மீன்களைப் படிக்கும் வேலை ராணுவ மருத்துவர்கள் கைக்குப் போயிற்று. அவர்களில் ஜெர்டான் 1849இல் தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றிச் சென்னையில் எழுதினார். ஃபிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை ‘இந்தியாவின் மீன்கள்’ என்ற மாபெரும் நூலை வெளியிட்டார். ஊர்தோறும் வழங்கும் மீன்பெயர்களையும் அதில் சேர்த்தார். இன்றைக்கும் இந்திய மீனுக்குப் பெயர் தேடுகிறவர் முதலில் புரட்டுவது டேயைத்தான்.

இளவரசர் பார்த்த உளுவை

நம் குளத்து உளுவைக்கு 1822இல் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றிய தம் நூலில் பெயர் வைத்தார். அதன்பின் அதைப் பற்றிப் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை என்றே விலங்கியலார் நினைத்திருந்தார்கள். அப்படியில்லை என்று காட்டியவர் ஜப்பானின் பட்டத்து இளவரசர் அகிஹிதோ. அவருடைய அப்பா ஹிரோஹிதோ ஹைட்ரோசோவா என்ற கடல்வாழ் சிற்றுயிர்களை ஆராய்ந்தவர். பிள்ளை உளுவையைத் தேர்ந்துகொண்டார். 1963இல் உளுவைகளின் தோள்பட்டை எலும்பைப் பற்றி முதல் கட்டுரை. பிறகு தலைமேல் புள்ளிபுள்ளியாக ஓடும் உணர்வுமொட்டுகளின் வரிசையை நுண்ணோக்கியில் எண்ணி இனம்பிரிக்கும் வேலை. 1975இல் கட்சுசுகே மெகுரோவோடு சேர்ந்து, நம் உளுவையோடு போட்டுக் குழப்பிக்கொண்டிருந்த ஒன்றைத் தனி இனம் என்று நிறுவினார். 1989இல் பேரரசரானபின்னும் ஆராய்ச்சியை விடவில்லை. 2019இல் பதவி விலகியபின், 2021இல்கூட இரண்டு புதிய இனங்களை விவரித்து எழுதினார்.

2013 டிசம்பரில் அவர் சென்னைக்கு வந்தார். கலாக்ஷேத்ராவில் பரதநாட்டியம் பார்த்தார் என்று பத்திரிகைகள் படத்தோடு எழுதின. உளுவைக்காகவே ஆயுளைக் கொடுத்த ஒருவர் உளுவை நாட்டுக்கு வந்திருக்கிறார் என்று எழுதிய செய்தி எதுவும் என் கண்ணில் படவில்லை. பாதிரியார், யூத வைத்தியர், பட்டாள டாக்டர், ஜப்பானிய அரசர் எல்லோரும் குனிந்து பார்த்த மீன். அதோடு தினமும் புழங்கும் நாம் மட்டும் குழம்புக்கு மேலே அதைப் பற்றி யோசிக்கவில்லை.

சேறு என்றால் சும்மா இடமா?

இந்தச் சின்ன மீன்களின் கதை கடைசியில் சேற்றின் கதை. நம் கரையில் கடல் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் அகன்ற சேற்றுவெளிகள் கடலோரத்தில் கிடையாது. ஆறு கடலைத் தொடும் முகத்துவாரங்களில்தான் உண்டு. கோடையில் மணல்மேடு முகத்துவாரத்தை அடைக்கும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் அதை உடைத்துத் திறக்கும். உப்பும் நன்னீரும் மாறிமாறி வரும் இந்த இடத்தில் காவிரி கொண்டுவந்து போட்ட வண்டலில்தான் ட்ரைபாச்சன் வளை தோண்டுகிறது. 1934இல் மேட்டூர் அணை முடிந்தபின் அந்த வண்டல் பெரும்பாலும் நீர்த்தேக்கத்தின் அடியிலேயே தங்கிவிடுகிறது.

1990களின் தொடக்கத்தில் சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் இறால் பண்ணைகள் படையெடுத்தன. களிமண் கரை போட்டு, கடல்நீரை இறைத்து, கழிவை ஆற்றில் விட்டார்கள். பக்கத்து வயல் உப்பானது, குடிக்கும் கிணறு உப்பானது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை அகற்ற வேண்டும் என்று 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. அந்த வழக்கில் பேசப்பட்டது நெல்லும் குடிநீரும் மீனவர் பிழைப்பும். சரியான பேச்சு. ஆனால் பண்ணைக்காகத் தோண்டிய ஒவ்வொரு குழியும் உளுவைகளின் ஊரையே தோண்டியது என்பதை எந்தத் தரப்பும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. அரசாங்கப் பதிவேட்டில் சேற்றுநிலம் தரிசு. மீன் வியாபாரத்தில் ட்ரைபாச்சன் கழிசல். இழுவலையில் இறாலோடு ஏறிவந்து, தரம்பிரித்தபின் கோழித்தீவனத்துக்குப் போகிற குவியலில் அதுவும் கிடக்கும்.

விலை இல்லாததை வரலாறு இல்லாதது என்று நினைப்பது நம் பழக்கம். கோட்டைக்கு 1620 என்று தேதி இருக்கிறது. அதற்குள் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. சீகன்பால்குக்குச் சிலை இருக்கிறது. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் ஓர் உயிரினம் முதன்முதலில் எங்கிருந்து அறிவியலுக்குக் கிடைத்ததோ அந்த இடத்துக்கு விலங்கியலில் தனி மரியாதை உண்டு. பிற்காலத்தில் இனம் பற்றிச் சந்தேகம் வந்தால் ஆராய்ச்சியாளர் திரும்பிவர வேண்டிய இடம் அது. மேற்கே தென்னாப்பிரிக்காவிலோ கிழக்கே பிலிப்பைன்ஸிலோ ஒருவர் கையில் இந்தச் சிவப்பு மீன் சிக்கி, இது அதுதானா என்று கேள்வி வந்தால், ஒப்பிட்டுப் பார்க்கத் தரங்கம்பாடிச் சேறு வேண்டும். அந்தச் சேறும் கோட்டையைப் போலவே காப்பாற்ற வேண்டிய சொத்து.

அதற்குக் கோடிக்கணக்கில் செலவு தேவையில்லை. கோட்டை அருங்காட்சியகத்தில் ஜானுக்கும் ப்ளோக்குக்கும் போன மீன்களைப் பற்றித் தமிழில் ஒரு பலகை வைக்கலாம். அதில் அந்த மீன்களைப் பிடித்துக் கொடுத்த பட்டினவர்களையும் எழுதலாம். பக்கத்துக் கல்லூரிகளின் விலங்கியல் மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை உப்பனாற்றுக் கழிமுகத்தின் மீன்களைப் பட்டியல் எடுக்கலாம். மீனவப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, எந்தச் சேற்று மீனுக்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதிவைக்கலாம். ஜான் செய்ததைவிட இது சுலபம். நமக்குக் கப்பலும் வேண்டாம், சாராயமும் வேண்டாம்.

தரங்கம்பாடிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோட்டையைப் பார்த்துவிட்டு மீன் இறங்கும் இடத்துக்கும் போங்கள். இறாலைப் பிரித்து எடுத்தபின் கழிசலைக் கொட்டுவார்கள். அதில் கருஞ்சிவப்பாக, கண் இருக்கிறதா என்றே தெரியாத ஒரு மீன் கிடந்தால், நிறம் வெளிறுவதற்குள் படம் எடுங்கள். எந்த இடத்தில் கிடைத்தது, அங்கே அதற்கு என்ன பெயர் என்று கேளுங்கள். சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.